வெர்லீன் டேட்டம் சொன்ன சாட்சி

வெர்லீன் டேட்டத்தை அந்தப் போராட்டத்தை முன்நின்று நடத்தச் சொன்னதற்கு ஒரே காரணம், அவளை யாரும் வேலையைவிட்டுத் தூக்க முடியாது என்பதுதான். கால்டர்வில்லில் ஒரு கறுப்பர் தலை நிமிர்ந்து பேசினால் மறுநாள் காலையில் அவருக்கு வேலை இருக்காது. காகித ஆலை வெள்ளைக்காரருடையது. சமைக்கவும் துணி துவைக்கவும் போகிற வீடுகளும் அவர்களுடையவை. கறுப்புப் பிள்ளைகளின் பள்ளிக்கூட வாத்தியார்கள்கூட வெள்ளைக்காரக் கல்வி வாரியத்தின் தயவில் வாழ்ந்தவர்கள். வெர்லீனுக்கோ சொந்தமாக ஒரு பார்லர் இருந்தது. வீட்டின் முன்னறையில் இரண்டு நாற்காலி, ஒரு பெரிய கண்ணாடி, அடுப்பில் காய்கிற இரும்புச் சீப்பு. அங்கே சுருட்டை முடியைச் சூட்டுச் சீப்பால் நீவி நேராக்கிக்கொள்ள வருகிறவர்கள் எல்லாரும் கறுப்புப் பெண்கள்.

"உன்னைப் பட்டினி போடணும்னா எங்க எல்லாரையும் மொட்டையடிச்சாத்தான் முடியும்" என்றாள் லூடி மே பிக்கன்ஸ். அவள் ஒரு வெள்ளைக்கார டாக்டர் வீட்டில் சமையல்காரி. வாயாடி. ஊருக்குள் வெர்லீனின் ஒரே சிநேகிதி.

அது 1965ஆம் வருஷத்து வசந்த காலம். கறுப்பருக்கும் வெள்ளையருக்கும் ஒரே மேசை என்று சட்டம் போட்டு ஒன்பது மாதம் ஆகியிருந்தது. லூசியானாவின் பைன் காட்டுக்குள் கிடந்த கால்டர்வில்லுக்கு அது இன்னும் வந்து சேரவில்லை. கடைவீதியில் இருந்த கோல்பர்ட் மருந்துக்கடையில் சாப்பாட்டுக் கவுண்டர் ஒன்று உண்டு. கறுப்பர்கள் அங்கே மருந்து வாங்கலாம், சோப்பு வாங்கலாம். உட்கார்ந்து ஒரு காப்பி குடிக்க முடியாது. அந்தக் கவுண்டரில் போய் உட்காருவதென்று பாஸ்டரும் சபையாரும் முடிவு செய்தார்கள். அடித்தால் வாங்கிக்கொள்வது, திட்டினால் கேட்டுக்கொள்வது, கை மட்டும் ஓங்கக்கூடாது என்று எல்லாரும் பைபிள் மேல் கைவைத்துச் சத்தியம் செய்தார்கள்.

பயிற்சி வெர்லீனின் பார்லரில் நடந்தது. இரண்டு பேர் நாற்காலியில் உட்காருவார்கள். மற்றவர்கள் சுற்றி நின்று முகத்தில் சிகரெட் புகையை ஊதுவார்கள், கெட்ட வார்த்தை சொல்வார்கள், தலையில் தண்ணீரைக் கொட்டுவார்கள். கீழே தள்ளினால் எப்படி உடம்பைச் சுருட்டிக்கொள்வது, விழுந்தவள்மேல் எப்படிக் கவிழ்ந்து மறைப்பது என்றெல்லாம் வெர்லீன் தரையில் படுத்தே காட்டினாள்.

"மெதுவா இழு. நேத்துதான் நீயே நீவிவிட்ட முடி" என்று லூடி மே கத்துவாள்.

"அவனுங்க மெதுவாவா இழுப்பானுங்க?"

"அவனுங்க இழுத்தா சும்மா இருப்பேன். நீ இழுத்தாத்தான் கோவம் வருது."

இதையெல்லாம் வெர்லீனின் புருஷன் ஹோசியா சமையலறை வாசலில் சாய்ந்து நின்று பார்ப்பான். ஆலையின் மரக்கிடங்கில் வேலை. கொரியா யுத்தத்துக்குப் போய் வந்தவன். அதிகம் பேசமாட்டான். பாஸ்டர் எவ்வளவோ சொல்லியும் அவன் மட்டும் சத்தியம் செய்யவில்லை.

"செஞ்சா காப்பாத்தணும் பாஸ்டர். என்னால முடியாது. அதான் செய்யல" என்றான்.

ஏப்ரல் கடைசியிலிருந்து வாரம் மூன்று நாள் போய் உட்கார்ந்தார்கள். கவுண்டருக்குப் பின்னால் நெல்டா ஃபேகன் என்ற வெள்ளைக்காரப் பெண் பரிமாறுகிறவள். மெலிந்த உடம்பு, எப்போதும் தூக்கம் கெட்ட கண்கள். "உங்களுக்குப் பரிமாற எனக்கு உத்தரவு இல்ல" என்று முதல் நாள் சொன்னாள். அப்புறம் அதையும் சொல்வதில்லை. வெர்லீனின் கைகள் இருக்கும் இடத்தை மட்டும் விட்டுவிட்டு, சுற்றிலும் கவுண்டரைத் துடைத்துக்கொண்டே இருப்பாள்.

ஐந்தாவது வாரம் ஒருவன் கொதிக்கிற காப்பியை எடுத்து வெர்லீனின் பின்கழுத்தில் ஊற்றினான். அவள் கவுண்டரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். எழவில்லை. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஐந்து நிமிஷம் கழித்து, சிரிப்பு ஓய்ந்த பிறகும், அவள் அங்கேயே இருந்தாள். அது அவர்களுக்கு எரிச்சலாக இருந்தது.

எதிர்ப்பக்கம் நிறுத்தியிருந்த வண்டியில் ஹோசியா இருந்தான். கீழே இறங்க மாட்டேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தான். வீட்டுக்கு வந்ததும் கொப்புளங்களுக்கு அவன்தான் மருந்து தடவினான்.

மறுநாள் காலைச் சாப்பாட்டின்போது சொன்னான்: "கொரியாவுல எனக்குப் பேர்கூடத் தெரியாத ஆளுங்களைச் சுட்டேன். அவங்க எனக்கு ஒரு கெடுதலும் பண்ணல. அதுக்கு மெடல் குடுத்தாங்க. என் பெண்டாட்டி கழுத்தைப் பொசுக்கினவன் என்கூட ஆலையில வேலை பாக்கிறான். அவனுக்கு நான் காலை வணக்கம் சொல்லணுமா?"

"அவன் யாரு?"

"ரே டீன் ஸ்டோக்லி."

"அவனைத் தொட்டேன்னா நான் அங்க உக்காந்ததெல்லாம் வீணாப் போயிடும் ஹோசியா. நாம அடிக்கணும்னுதான் அவங்க காத்திருக்காங்க. அடிச்சா, பாத்தியா காட்டுமிராண்டிங்கன்னு சொல்லுவாங்க."

"அடிக்கலேன்னாலும் அதைத்தான் சொல்றாங்க."

தட்டில் இருந்த சோளக்கஞ்சி ஆறிப்போயிற்று. அந்த வாரமே ஹோசியா ஊரில் இருந்த காவல் குழுவில் சேர்ந்தான். யுத்தத்துக்குப் போய் வந்த பத்துப் பன்னிரண்டு ஆண்கள், பாஸ்டர் வீட்டுக்கும் சபைக்கும் வெர்லீனின் பார்லருக்கும் துப்பாக்கியோடு முறைபோட்டுக் காவல் இருந்தார்கள். அதுவரைக்கும் கறுப்பர் தெருவுக்குள் கார்களில் வந்து ஜன்னல்களில் கல்லெறிந்து போனவர்கள், அதற்கப்புறம் தெரு முனையிலேயே திரும்பிப் போனார்கள். வெர்லீனுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் உடைந்த ஜன்னலுக்குப் புதுக் கண்ணாடி போட்டபோது, இனி இது உடையாது என்று ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதிக்காக அவள் வெட்கப்பட்டாள்.

கவுண்டரில் உட்காரத் தொடங்கிப் பத்து வாரமாகியும் நகர மேயர் பாஸ்டரைப் பார்க்கக்கூடச் சம்மதிக்கவில்லை. ஜூலையில் ஒரு சனிக்கிழமை காலை, வாக்காளர் பட்டியலில் பெயர் எழுத நீதிமன்றக் கட்டடத்துக்கு ஊர்வலமாகப் போனார்கள். நாற்பது பேருக்குக் குறையாது. வெயில் ஏறிவிட்டது. வெர்லீனும் லூடி மேயும் முன்வரிசை. ஹோசியா வண்டியில் மெதுவாகப் பின்னால் வந்தான். மருந்துக்கடைக்கு எதிரில் வந்தபோது நடைபாதையில் நின்ற கூட்டம் தெருவுக்குள் இறங்கியது. போலீஸ்காரர்கள் நிழலாகப் பார்த்து ஒதுங்கிக்கொண்டார்கள்.

யாரோ லூடி மேயின் காலை வாரிவிட்டார்கள். வாய் தரையில் மோத விழுந்தாள். முன்பற்கள் உடைந்துவிட்டன. பார்லரில் எத்தனையோ முறை செய்து காட்டியபடியே வெர்லீன் அவள்மேல் கவிழ்ந்தாள். தலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். கண்களை இறுக மூடிக்கொண்டாள். சங்கிலி கலகலக்கிற சத்தம் கேட்டது. மரக்கிடங்கில் கட்டைகளைக் கட்டுகிற சங்கிலி. இனி வலிக்கும் என்று நினைத்தாள். கர்த்தரின் பெயரைச் சொன்னாள். அப்போது வெடிச் சத்தம் கேட்டது.

கண்ணைத் திறந்தபோது இரண்டு கஜ தூரத்தில் ரே டீன் ஸ்டோக்லி மல்லாந்து கிடந்தான். இடுப்பிலிருந்து ரத்தம் கொப்பளித்தது. சங்கிலி அவன் பக்கத்தில் கிடந்தது. கூட்டம் கலைந்து ஓடியது; ஊர்வலத்தில் வந்தவர்களும் ஓடினார்கள். ஹோசியா மட்டும் வண்டிக்குப் பக்கத்தில் துப்பாக்கியைத் தரையில் வைத்துவிட்டு, கைகளைத் தூக்கிக்கொண்டு நின்றான்.

வெர்லீன் தவழ்ந்து போனாள். கழுத்துப் புண்ணை மறைக்கக் கட்டியிருந்த துணியை அவிழ்த்துச் சுருட்டி, ரே டீனின் காயத்தில் வைத்து முழு பலத்தோடு அழுத்தினாள். அவன் வெளிறிய முகத்தோடு அவளைப் பார்த்தான்.

"என்னைச் சாகடிச்சிடாத" என்றான்.

"பேசாம இரு" என்றாள்.

ஆம்புலன்ஸ் வர இருபது நிமிஷம் ஆயிற்று. அவள் கையை எடுக்கவில்லை.

ரே டீன் பிழைத்துக்கொண்டான். ஒரு கால் மட்டும் கடைசிவரை சரியாக ஊன்ற வரவில்லை. ஹோசியாவைக் கொலை முயற்சி என்று சிறையில் போட்டார்கள்.

பத்து வாரம் கதவைத் திறக்காத மேயர், துப்பாக்கி வெடித்த ஐந்தாம் நாள் பாஸ்டருக்கு ஆளனுப்பினார். மாநிலத் தலைநகரிலிருந்து அதிகாரிகள் வந்தார்கள். மூன்றே வாரத்தில் கோல்பர்ட் கவுண்டர் எல்லாருக்கும் திறந்தது. அதேசமயம் வடக்கே இருந்து வந்த பத்திரிகைகளில் வெர்லீனின் வெந்த கழுத்து எங்கும் இல்லை. தரையில் கிடந்த துப்பாக்கிதான் முதல் பக்கத்தில் இருந்தது. அதுவரை ஆதரவாகக் கடிதம் எழுதிக்கொண்டிருந்த வெள்ளைக்காரச் சபைகள் இரண்டு எழுதுவதை நிறுத்திக்கொண்டன.

லூடி மே வீங்கிய வாயோடு பார்லருக்கு வந்து உட்கார்ந்தாள். டாக்டர் வீட்டில் அவளை நிறுத்திவிட்டார்கள்.

"நீ என்மேல கவுந்து படுத்தது நெசம் வெர்லீன். சாகுற வரைக்கும் மறக்கமாட்டேன். ஆனா ஒண்ணு கேக்குறேன், கோச்சுக்காத. உன் முதுகு அந்தச் சங்கிலியைத் தடுத்திருக்குமா?"

வெர்லீன் சீப்பை அடுப்பில் வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள்.

"சொல்லு."

"தெரியல."

"எனக்குத் தெரியும்" என்றாள் லூடி மே.

வழக்குக்கு நியூ ஆர்லியன்ஸிலிருந்து டுப்ரே என்ற கறுப்பு வக்கீல் வந்தார். மெல்லிய குரல், இஸ்திரி கலையாத கோட்டு. சங்கிலி உங்கள் தலைக்கு மேல் ஓங்கியிருந்தது என்று நிரூபித்தால், உயிரைக் காப்பாற்றச் சுட்டதாக வாதாடலாம் என்றார்.

"நீங்க என்ன பாத்தீங்க மிஸஸ் டேட்டம்?"

"ஒண்ணும் பாக்கல. கண்ணை மூடியிருந்தேன். சத்தம்தான் கேட்டுச்சு."

டுப்ரே பேனாவை மூடிப் பைக்குள் வைத்தார். "இப்ப சொன்னது என் காதுல விழல. இன்னொரு தரம் சொல்லாதீங்க" என்றார்.

பார்த்ததாகச் சொல்ல வேறு ஆளில்லை. லூடி மேயின் முகம் தரையில் இருந்தது. ஊர்வலத்தில் வந்த மற்றவர்களும் தலையை மூடிக்கொண்டு குனிந்திருந்தார்கள். பார்த்த வெள்ளைக்காரர் யாரும் வாயைத் திறக்கப் போவதில்லை.

அடுத்த திங்கட்கிழமை பார்லருக்கு விடுமுறை. காலை பத்து மணிக்குப் பின்கதவை யாரோ தட்டினார்கள். தலையில் முக்காடு, கறுப்புக் கண்ணாடி. நெல்டா ஃபேகன். ஒரு வெள்ளைக்காரி அந்த வீட்டுக்குள் காலெடுத்து வைத்தது அதுதான் முதல் தடவை. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"நான் ஜன்னல் பக்கத்துல நின்னேன்" என்றாள். "எல்லாத்தையும் பாத்தேன். அந்தச் சங்கிலி உங்க தலைக்கு நேரா ஓங்கியிருந்துச்சு. ஒரு நொடி தாமதமாயிருந்தா உங்க மண்டை பொளந்திருக்கும். உங்க வீட்டுக்காரர் அதைப் பாத்துட்டுத்தான் சுட்டார்."

வெர்லீன் அவளருகே வந்தாள்.

"இதைக் கோர்ட்டுல சொல்லுங்க."

நெல்டா தலையை ஆட்டினாள். "என் வீட்டுக்காரர் ரே டீன் ஷிப்டுலதான் வேலை பாக்கிறார். எனக்கு மூணு பிள்ளைங்க. வீட்டைக் கொளுத்திடுவாங்க."

"அப்ப எதுக்கு இங்க வந்தீங்க?"

"பத்து வாரமா உங்களைப் பாத்துக்கிட்டிருந்தேன். அன்னிக்குக் காப்பி ஊத்தினப்ப நீங்க அப்படியே உக்காந்திருந்தீங்களே. அதுக்கப்புறம் எனக்குத் தூக்கமே இல்ல. யாருகிட்டயாவது சொல்லணும்போல இருந்துச்சு."

தன் முடியை நீவ வைத்திருந்த சீப்பு அடுப்பிலேயே காய்ந்துகொண்டிருந்தது. வெர்லீனுக்கு அதை எடுத்து அந்த வெளுத்த கன்னத்தில் வைத்து அழுத்தவேண்டும் என்று தோன்றியது. சும்மா வந்துபோன எண்ணம் இல்லை அது. கை சீப்பின் பிடிவரை போய்விட்டது. காப்பி ஊற்றியபோது வராத வெறி, காரி உமிழ்ந்தபோது வராத வெறி, மனசு இளகி வந்து நின்றவளைப் பார்த்து வந்தது. அடுப்பை அணைத்தாள்.

"போங்க" என்றாள். "உங்க தூக்கத்துக்கு எங்கிட்ட மருந்து இல்ல."

சிறையில் ஹோசியாவைப் பார்க்கப் போனபோது நெல்டா வந்ததைச் சொன்னாள். கண்ணால் பார்த்ததாகத் தானே சாட்சி சொல்ல வெர்லீன் நினைக்கிறாள் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது.

"வேணாம் வெர்லீன். எனக்காக நீ பொய் சொல்லாத. நீ சொன்னா சொன்னதுதான்னு இந்த ஊரே நம்புது. அந்தப் பேரைக் கெடுத்துக்காத."

"பொய் இல்லையே. நடந்தது அதுதானே."

"நீ பாக்கலையே."

விசாரணை நவம்பரில் நடந்தது. பன்னிரண்டு ஜூரிகளும் வெள்ளைக்கார ஆண்கள். ரே டீன் தடியை ஊன்றி வந்து, சங்கிலி கையில் இருந்தது, ஆனால் ஓங்கவில்லை என்றான். டேட்டம் பெண்சாதிதான் காயத்தை அழுத்திப் பிடித்தாள் என்பதையும், கேட்டபோது, தரையைப் பார்த்துக்கொண்டு ஒப்புக்கொண்டான்.

வெர்லீன் பைபிள் மேல் கைவைத்தாள். டுப்ரே மரியாதையாகக் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். பிறகு அரசு வக்கீல் எழுந்தார். பழுத்த வயசு. கறுப்புப் பெண் எவளையும் அவர் 'மிஸஸ்' என்று கூப்பிட்டதில்லை.

"வெர்லீன், அடிச்சா திருப்பி அடிக்கமாட்டோம்னு சத்தியம் பண்ண கூட்டம்தானே நீங்க?"

"ஆமா."

"உன் புருஷனும் பண்ணானா?"

"இல்ல. அவர் பண்ணல."

"அப்ப உங்க பாட்டு, ஜெபம் எல்லாம் வெளிவேஷம். பின்னாடி துப்பாக்கி."

"நாங்க பத்து வாரம் உக்காந்திருந்தோம். அது வேஷமில்ல."

"தரையில கிடந்தப்ப உன் கண்ணு திறந்திருந்துச்சா?"

பின்வரிசையில் பாஸ்டர் இருந்தார். டுப்ரே பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஹோசியா அவளைப் பார்க்காமல் தலையைத் திருப்பிக்கொண்டான்.

"திறந்திருந்துச்சு" என்றாள். "சங்கிலி என் தலைக்கு மேல இருந்துச்சு. பாத்தேன்."

ஜூரிகள் இரண்டு நாள் பேசினார்கள். கொலை முயற்சியென்றால் இருபது வருஷம் போட்டிருப்பார்கள். அதை விட்டுவிட்டு, ஆயுதத்தால் காயப்படுத்திய குற்றம் மட்டும் என்றார்கள்; நீதிபதி மூன்று வருஷம் போட்டார். அவளுடைய சாட்சியால் குறைந்ததா, காயத்தை அழுத்திப் பிடித்ததால் குறைந்ததா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ஜூரியில் ஒருவர்கூட அவள் கண் திறந்திருந்ததாக நம்பவில்லையென்று டுப்ரே பிற்பாடு எங்கோ கேள்விப்பட்டார். அதை அவர் அவளிடம் சொல்லியிருக்க வேண்டாம்.

வெர்லீன் பாஸ்டரிடம் போய் உண்மையைச் சொன்னாள்.

"கர்த்தர் உன் இருதயத்தைப் பாக்கிறார் சிஸ்டர்."

"அவர் பாத்தது இருக்கட்டும் பாஸ்டர். இனிமே நான் பயிற்சி குடுக்க வரல. கை ஓங்காதீங்கன்னு சொல்ல எனக்கு வாய் வராது. ஓங்குங்கன்னும் சொல்ல வராது."

ஒரே ஒரு தடவை லூடி மேயோடு கோல்பர்ட் கவுண்டருக்குப் போனாள். நெல்டா இரண்டு துண்டு 'எலுமிச்சை பை' பலகாரமும் காப்பியும் கொண்டுவந்து வைத்தாள். லூடி மே புதுப் பல்செட்டால் ஒரு வாய் மென்றுவிட்டு, "இந்த மாவுக்கா இவ்வளவு அடி வாங்கினோம். டாக்டர் வீட்டு நாய்க்கு நான் இதைவிட நல்லாச் செஞ்சு போட்டேன்" என்றாள். வெர்லீனால் தன்னுடையதை விழுங்க முடியவில்லை. பாதியில் எழுந்து வந்துவிட்டாள்.

ஹோசியா பத்தொன்பது மாதத்தில் வெளியே வந்தான். ஆலையில் சேர்க்கவில்லை. கட்டை ஏற்றுகிற லாரி ஓட்டினான். அதற்கப்புறம் துப்பாக்கியைத் தொடவில்லை; அணில் வேட்டைக்குக்கூடப் போகவில்லை. ஒருநாள் மதியம், இருவரும் மொச்சைக்காய் உரித்துக்கொண்டிருந்தபோது வெர்லீன் கேட்டாள்.

"மறுபடி அதே மாதிரி நடந்தா சுடுவியா?"

"சுடுவேன்."

"நான் வேணாம்னு சொன்னாலும்?"

"சொன்னாலும். நீ மறுபடி போய் அங்க உக்காருவியா?"

"உக்காருவேன்."

"நான் வேணாம்னு சொன்னாலும்?"

"சொன்னாலும்."

அதற்குமேல் அதைப்பற்றி அவர்கள் பேசவில்லை. பதினைந்து வருஷத்துக்குமேல் ஒரே வீட்டில் அப்படியே இருந்தார்கள். 1983இல் ஹோசியா நெஞ்சுவலி வந்து செத்துப்போனான்.

1991இல், கறுப்பர் ஒருவர் மேயராக வந்த பிறகு, நீதிமன்றத்தின் முன்னால் ஒரு நினைவுக் கல் நட ஏற்பாடு செய்தார்கள். அகிம்சை வழியில் போராடியவர்களின் பெயர்களைப் பொறிப்பதாகத் திட்டம். முதல் பெயர் வெர்லீன் டேட்டம். குழுவிலிருந்து மூன்று பேர் பார்லருக்கு வந்து பட்டியலைக் காட்டினார்கள். எல்லாரும் படித்தவர்கள், மரியாதையானவர்கள்.

"ஹோசியா பேர் எங்க?" என்று கேட்டாள்.

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "மிஸஸ் டேட்டம், அவர்மேல எங்களுக்கு ரொம்ப மரியாதை உண்டு. ஆனா இது அமைதி வழிக்கான கல்லு. பள்ளிக்கூடப் பிள்ளைங்க வந்து பாப்பாங்க. துப்பாக்கி எடுத்தவர் பேரை எப்படிப் போடுறது?"

"அவர் செஞ்சது சரின்னு நான் சொல்லல. இன்னிக்கு வரைக்கும் சொல்லல. ஆனா அவர் சுட்ட அஞ்சாம் நாள்தான் மேயர் கதவைத் திறந்தார். அதைப் பிள்ளைங்ககிட்ட மறைச்சிட்டு, எல்லாம் நான் உக்காந்ததால கிடைச்சுதுன்னு எழுதினா, அது நான் சொல்ற ரெண்டாவது பொய்யா ஆயிடும்."

முதல் பொய் என்னவென்று அவர்கள் கேட்கவில்லை. அவளுக்கு வயசாகிவிட்டது என்று நினைத்திருக்கலாம்.

"அவர் பேரைப் போடலேன்னா என் பேரையும் எடுத்துடுங்க" என்றாள்.

அவர்கள் இரண்டு தரம் திரும்பி வந்து கெஞ்சிப் பார்த்தார்கள். அவள் மசியவில்லை. கடைசியில் முப்பத்தெட்டுப் பேரோடு கல் நடப்பட்டது. லூடி மேயின் பெயரில் ஓர் எழுத்துப் பிழை. வெர்லீன் திறப்பு விழாவுக்குப் போகவில்லை. அந்த வருஷம் தேர்தலில் ஓட்டுப் போட நீதிமன்றக் கட்டடத்துக்குப் போனபோது கல்லின் பக்கமாகத்தான் நடக்கவேண்டியிருந்தது. நின்று, பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தாள். பிறகு வரிசையில் போய் நின்றாள்.